எனக்கு இலை, தியாகேசனுக்கு நிழல்

ஜன்னல் ஓரத்தில் நீங்களே உட்காருங்கள் தம்பி. எனக்கு வேண்டாம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் நான் வாயை மூடமாட்டேன் என்று வீட்டில் மனைவி சொல்லி அனுப்பியிருக்கிறாள். போன வாரம் இதே பஸ்ஸில் ஓர் அம்மாள் பாதி வழியில் எழுந்து போய், மீதி வழியை நின்றுகொண்டே கழித்தார். நான் ஒன்றும் செய்யவில்லை. வெளியே நெட்டிலிங்க மரத்தைக் காட்டி, "அசோக மரம் எவ்வளவு உயரம் பாரு" என்று யாரிடமோ போனில் சொன்னார். அது அசோக மரம் இல்லை, நெட்டிலிங்கம் என்றேன். அதற்கு அவ்வளவு கோபமா? தப்பான டிக்கெட் வைத்திருப்பவரிடம் தப்பு என்று சொல்லக் கூடாதா?

நீங்கள் எங்கே இறங்க வேண்டும்? கோர்ட்டா? நான் அதற்கு முந்தின நிறுத்தம். கோட்டாட்சியர் ஆபீஸ். பதினொரு மணிக்கு விசாரணை. இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். இந்த டிரைவர் மெதுவாகத்தான் போவான், எனக்குத் தெரியும். நான் போக்குவரத்துக் கழகத்தில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நடுவழியில் கைகாட்டி நிறுத்தி, ஏறி, எல்லோரிடமும் டிக்கெட் கேட்பானே ஒருவன், அவனேதான். பெயர் பக்கிரிசாமி. முப்பத்திரண்டு வருஷம் ஒரு தப்பான டிக்கெட்டைக்கூட விட்டதில்லை.

என்ன விசாரணை என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

எங்கள் வீடு கீழவாய்க்கால் தெருவில். வாசலில் ஒரு மரம். நான் வைக்கவில்லை, என் அப்பாவும் வைக்கவில்லை. யார் வைத்ததோ. இரண்டு ஆள் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்கலாம், அவ்வளவு பெருத்துவிட்டது. மரம் நிற்பது என் வாசலில். என் வீட்டுப் பக்கமாகச் சாய்ந்து போய்விட்டதால், அதன் இலை, காம்பு, பூ, காய் எல்லாம் கொட்டுவது என் வாசலில். ஆனால் மத்தியானம் ஆனதும் நிழல் எங்கே விழுகிறது தெரியுமா? எதிர்வீட்டில். எதிர்வீட்டுத் தியாகேசன் தன் வெள்ளைக் காரை அந்த நிழலில் நிறுத்தி, அதன் மேல் ஒரு துண்டைக்கூடப் போடாமல், கையை வீசிக்கொண்டு உள்ளே போவார். இலை எனக்கு, நிழல் அவருக்கு. பத்து வருஷமாக இப்படி.

நியாயமா? நீங்களே சொல்லுங்கள். "இத்தனை குப்பையையும் அள்ளுவது நான்" என்று ஒருநாள் வீட்டில் சொன்னேன். என் மனைவி மங்கையர்க்கரசி, "நீங்க அள்ளுறீங்களா? துடைப்பத்தை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு சொல்லுங்க பாப்போம்" என்றாள். அது வேறு விஷயம். அள்ளுவது யாராக இருந்தால் என்ன, குப்பை என் வாசல் குப்பை.

போன ஆவணியில் மரத்தை வெட்ட அனுமதி கேட்டு மனு கொடுத்தேன். மனுவில் ஒரு கட்டம், மரத்தின் இனம் என்று. தூங்குமூஞ்சி என்று எழுதினேன். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். பொழுது சாய்ந்தால் இலை மூடிக்கொள்ளும், அதனால் தூங்குமூஞ்சி. ஆபீஸில் இருந்த கிளார்க் அம்மாள் படித்துவிட்டுச் சொன்னார்: "தூங்குமூஞ்சின்னா நல்லது சார். வெளிநாட்டு மரம். சீக்கிரம் முடிஞ்சிடும். ஆனா நிச்சயமா தெரிஞ்சுக்கிட்டு வந்துடுங்க. நாட்டு மரமா இருந்துட்டா இங்க யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க. தெரிஞ்சவங்ககிட்ட ஒரு வரி எழுதி வாங்கிட்டு வாங்க."

ஒரு வரிதானே? எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாய்க்கால் பாலத்தருகே ஒரு கூட்டம் கூடும். மரம் செடி பார்க்கும் நடை. நடத்துகிறவர் நிலோபர் டீச்சர், பெண்கள் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறார். வயது முப்பதுகூட இருக்காது. இரண்டு நர்சுகள், ஒரு வங்கி மேலாளர், நாலைந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள். அதில் ஒருத்தி தியாகேசனின் பேத்தி, ஏழாம் வகுப்பு, பெயர் சஹானா. அவளைப் பார்த்ததுமே எனக்குத் திரும்பிப் போகலாமா என்று இருந்தது. ஒரு வரிக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

போனதும் போனில் இருந்த போட்டோவைக் காட்டினேன். "இது என்ன மரம்? தூங்குமூஞ்சின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்கன்னா நான் போயிடுவேன்."

டீச்சர் அம்மாள் போட்டோவைப் பார்க்கவே இல்லை. "போனை இந்தப் பையில போடுங்க சார். முதல் ஒரு மணி நேரம் யாரும் பேர் கேட்கக் கூடாது."

"பேர் கேட்காம எதுக்கு வர்றது?"

"பேர் தெரிஞ்ச நிமிஷமே எல்லாரும் பாக்கறதை நிறுத்திடறாங்க சார். முதல்ல பாருங்க."

"நான் பார்த்துட்டேன். பத்து வருஷமா பாக்கறேன்."

"இலைங்க எதிரெதிரா இருக்கா, மாறி மாறி இருக்கா?"

நான் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

"காம்பைக் கிள்ளினா பால் வருதா?"

நான் போனைப் பையில் போட்டேன். உடனே அந்தச் சஹானா, "டீச்சர், இன்ஸ்பெக்டர் தாத்தா டிக்கெட்டைப் பாக்காமலே பஸ்ஸை விட்டு இறங்கிட்டாரு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வங்கி மேலாளர்கூட. பள்ளிக்கூடப் பிள்ளை பேசுகிற பேச்சா அது? வீட்டில் சொல்லிக்கொடுத்துதான் அனுப்பியிருப்பார்கள்.

அடுத்த ஞாயிறும் போனேன். எதற்கு? ஒரு வரிக்கு. அந்த டீச்சர் எழுதித்தர மாட்டார் என்று அப்போது எனக்குத் தெரியாது. "உங்க மரத்தோட பேரை நீங்களே கண்டுபிடிச்சு என்கிட்ட சொல்லணும். காரணத்தோட. அப்ப எழுதித் தரேன்" என்று சொல்லிவிட்டார். பெண்கள் கல்லூரியில் இப்படித்தான் பாடம் நடத்துவார்களோ என்னவோ. நான் படித்த காலத்தில் வாத்தியார் சொல்வார், நாங்கள் எழுதிக்கொள்வோம், முடிந்தது.

மூன்றாம் ஞாயிறு நடந்ததை யாரிடமும் சொல்வதில்லை. உங்களிடம் சொல்கிறேன், நீங்கள் எங்கள் ஊர் இல்லை. இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிட்டார். ஒருவருக்குக் கண்ணைக் கட்டுவது. மற்றவர் கையைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி அழைத்துப்போய் ஒரு மரத்திடம் விடுவது. கண்ணைக் கட்டியவர் அந்த மரத்தைத் தடவ வேண்டும், மோந்து பார்க்க வேண்டும், கட்டிப்பிடித்து அளவு தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு திரும்ப அழைத்து வந்து கட்டை அவிழ்த்துவிட்டால், அதே மரத்தைப் போய்க் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு ஜோடி யார்? சஹானா. என் துண்டாலேயே என் கண்ணைக் கட்டினாள்.

"தாத்தா, கன்னத்தை வைங்க. அப்பதான் பட்டை சொரசொரன்னு இருக்கா வழவழன்னு இருக்கான்னு தெரியும்."

வைத்தேன். இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு கன்னத்தை வைத்தேன். பட்டையில் ஒரு முடிச்சு, என் நெற்றி உயரத்தில். அடியில் ஈரப் பாசி. எறும்பு ஒன்று சட்டைக்குள் போனது. அந்த நேரம் பார்த்து, "இன்ஸ்பெக்டரே, மரத்து மேல இவ்வளவு பாசமா? அப்புறம் எதுக்கு வெட்டறதுக்கு மனு?" என்று ஒரு குரல். தியாகேசன். காலை நடைக்கு அந்தப் பக்கம் வந்திருக்கிறார். கண்ணைக் கட்டியிருந்ததால் அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காததே நல்லது.

ஆனால் கட்டை அவிழ்த்ததும் நான்தான் முதலில் மரத்தைக் கண்டுபிடித்தேன். நாற்பது மரத்தில். நேராகப் போய்க் கையை வைத்தேன், நெற்றி உயரத்தில் முடிச்சு. புங்கன். சஹானா அவளுடைய மரத்தைக் கண்டுபிடிக்க நாலு தடவை தப்பு செய்தாள். அவளே ஒத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு இதன் சூட்சுமம் புரிந்தது. செக்கிங் மாதிரிதான் தம்பி. ஆளின் முகத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. நல்ல சட்டை போட்டவன்தான் டிக்கெட் எடுக்காமல் வருவான். டிக்கெட்டை வாங்கு, எண்ணைப் பார், ஏறிய இடத்தைப் பார், கிழித்த இடத்தைப் பார். மரமும் அப்படி. உயரம், கம்பீரம் இதெல்லாம் சட்டை. இலை எப்படி ஒட்டியிருக்கிறது, பட்டை எப்படி வெடித்திருக்கிறது, கசக்கினால் என்ன வாசனை, காயில் எத்தனை அறை, இதுதான் டிக்கெட். ஐப்பசி மழையில் ஒரு ஞாயிறு நானும் டீச்சரும் மட்டும்தான் வந்தோம். குடை பிடித்துக்கொண்டு கீழாநெல்லியும் மேலாநெல்லியும் பார்த்தோம். எனக்கு அதில் ஒன்றும் ஆசை இல்லை, புரிந்துகொள்ளுங்கள். எனக்கு வேண்டியது ஒரு வரி.

கொஞ்சம் தொந்தரவு வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். எங்கள் தெருவுக்கு வரும் கீரைக்கார அம்மாளிடம் அரைக்கீரைக் கட்டு வாங்கினால், பிரித்து ஒவ்வொரு தண்டாகப் பார்ப்பேன். பாதிக் கட்டு குப்பைக்கீரை. திருப்பிக் கொடுத்தேன். மறுநாளும் திருப்பிக் கொடுத்தேன். மூன்றாம் நாளிலிருந்து அந்த அம்மாள் எங்கள் தெருவுக்குள் வருவதில்லை, மேலத்தெரு வழியாகப் போய்விடுகிறார். தெருவே என் மேல் கோபமாக இருந்தது. மங்கை, "குப்பைக்கீரையும் கீரைதானே, அதையும் ஆக்கித்தானே இத்தனை வருஷம் போட்டேன், செத்தா போனீங்க?" என்றாள். அவளுக்குப் புரியாது. இருப்பது என்ன என்பதல்ல விஷயம். எழுதியிருப்பது என்ன என்பதுதான் விஷயம்.

தையில் எங்கள் வாசல் மரம் இலையெல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நின்றது. காய் மட்டும். காற்றடித்தால் ஆயிரம் காயும் கலகலவென்று சத்தம் போடும். மத்தியானம் கண்ணை மூட முடியாது. அன்றைக்கும் மூட முடியவில்லை. எழுந்து போய் ஒரு காயை எடுத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். வைக்கோல் நிறம். காகிதம் மாதிரி மெல்லிசு. வெயிலில் பிடித்தால் உள்ளே விதை வரிசையாகத் தெரிகிறது. ஆட்டினால் கலகல.

கையில் இருந்தது தூங்குமூஞ்சிக் காயே இல்லை.

ஏனென்றால் தூங்குமூஞ்சி எனக்குத் தெரியும். எங்கள் டிப்போ வாசலில் இரண்டு நிற்கின்றன. முப்பத்திரண்டு வருஷம் அதன் அடியில் சைக்கிள் நிறுத்தியிருக்கிறேன். அந்தக் காய் செருப்பில் ஒட்டும். கறுப்பு, தடி, உள்ளே பிசுபிசுவென்று சதை. ஆடு மாடு தேடி வந்து தின்னும். சைக்கிள் எடுத்துக்கொண்டு டிப்போவுக்குப் போனேன். கீழே கிடந்ததைப் பொறுக்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இதுவும் அதுவும் அண்ணன் தம்பிகூட இல்லை தம்பி. பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை வேண்டுமானால் சொல்லலாம்.

அந்த ஞாயிறு டீச்சரிடம் போய், "எங்கள் மரம் வாகை" என்றேன்.

"நான் ஒண்ணும் சொல்லலை சார். ஏன் வாகை, நீங்க சொல்லுங்க."

சொன்னேன். ஏழு காரணம் சொன்னேன். பட்டை, சிற்றிலை, காய், விதை, இலை உதிரும் மாதம், எல்லாம். பூ மட்டும் இனிமேல்தான் பார்க்க வேண்டும், பசுமை கலந்த வெள்ளையாக வந்தால் எட்டாவது காரணம், ரோஜா நிறம் கலந்து வந்தால் நான் சொன்னதெல்லாம் பொய் என்றேன். டீச்சர் கை தட்டினார். நர்சுகள் தட்டினார்கள். வங்கி மேலாளர் தட்டினார். சஹானா விசிலடித்தாள். நான் ரிடையர் ஆன அன்றைக்கு டிப்போவில் மின்சாரம் போய்விட்டது, மைக் இல்லை, யார் பேசினார்கள் யார் தட்டினார்கள் ஒன்றும் தெரியாது. சரி, அதை விடுங்கள்.

"இப்ப எழுதித் தரட்டுமா சார்?" என்றார் டீச்சர். வாகை என்று.

வேண்டாம் என்றேன். வாகை நாட்டு மரம். வாகை என்று எழுதி வாங்கிக்கொண்டு போனால் மனுவை என் கையாலேயே கிழித்துப் போட்ட மாதிரி. நான் அவ்வளவு ஏமாளியா? மனுவில் தூங்குமூஞ்சி என்றுதான் இருக்கிறது. ஆபீஸிலிருந்து யார் வந்தாலும் மரத்தை அண்ணாந்து பார்க்கப்போவதில்லை. நான் பேசாமல் நின்றால் போதும். இதை மங்கையிடம் சொன்னேன்.

"நீங்க பேசாம நிக்கப்போறீங்க?" என்றாள்.

"ஏன், நிக்கமாட்டேனா?"

"நின்னுட்டீங்கன்னா நான் வைத்தீஸ்வரன் கோயில்ல மொட்டை போட்டுக்கறேன்."

பங்குனிக் கடைசியில் வருவாய் ஆய்வாளர் வந்தார். இளமாறன் என்று பெயர். இளவயசு. மரம் அப்போது புதுத் தழை விட்டு, பூவும் விட்டிருந்தது. பசுமை கலந்த வெள்ளை. காலையிலேயே தெரு முழுக்க வாசனை. நான் குளித்து, சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் மோட்டார் சைக்கிளை அணைக்கவே இல்லை. காலை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"தூங்குமூஞ்சிதானே ஐயா?"

"மனுவில் உள்ளபடி சார்" என்றேன். பார்த்தீர்களா? பொய்யும் சொல்லவில்லை, மெய்யும் சொல்லவில்லை. மங்கை கேட்டுக்குப் பின்னால் நின்று வாயில் விரலை வைத்துக் காட்டிக்கொண்டே இருந்தாள்.

எழுதினார் தம்பி. என் கண்ணால் பார்த்தேன். 'தூங்குமூஞ்சி. வெளிநாட்டு இனம். அகற்றப் பரிந்துரைக்கலாம்.' கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பேனா காகிதத்தில் பட்டுவிட்டது.

அப்போது எதிர்வீட்டு கேட் திறந்தது. தியாகேசன், கையில் காப்பி டம்ளர். பின்னால் சஹானா.

"சார், ஒரு நிமிஷம். இது தூங்குமூஞ்சி இல்லை. இது இலுப்பை."

இலுப்பை! எங்கே இலுப்பை, எங்கே வாகை! நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஆய்வாளர் சிரித்தார். "இலுப்பையா? என்ன சார் நீங்க. இந்தக் காயைப் பாருங்க. தூங்குமூஞ்சிக் காய். உள்ள சதை இருக்கும், கையில ஒட்டும்." கீழே கிடந்த ஒரு பழைய காயைக் காலால் தள்ளிக் காட்டினார். அது காற்றில் பறந்து போய்ச் சாக்கடையில் விழுந்தது. சதை இருக்கிற காய் பறக்குமா? நான் அப்போதும் பேசவில்லை. முதுகுக்குப் பின்னால் விரல்கள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது சார்" என்றார் தியாகேசன். "காய் எல்லா மரத்துலயும் ஒண்ணு மாதிரிதானே இருக்கு. என்னங்க இன்ஸ்பெக்டரே? ஆறு மாசம் மரம் மரமாக் கட்டிப்பிடிச்சீங்களே, உங்களுக்கே ஒண்ணும் தெரியலையா?"

காய் எல்லா மரத்திலும் ஒன்றா தம்பி? ஒன்றா?

அதன் பிறகு நான் என்ன பேசினேன் என்று வரிசையாக ஞாபகம் இல்லை. ஆய்வாளர் எப்போது வண்டியை அணைத்தார் என்று தெரியாது. உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தேன், பூதக்கண்ணாடியை எடுத்து வந்தேன், டிப்போ காயை எடுத்து வந்தேன். மாடியிலிருந்து கன்றுகளையும் இறக்கினேன். தயிர் டப்பாவில் பதினேழு வாகைக் கன்று வைத்திருக்கிறேன், சும்மா, விதை முளைக்கிறதா என்று பார்க்க. ஆய்வாளரைப் பூவை மோந்து பார்க்கச் சொன்னேன். ரோஜா நிறம் எங்கேயாவது தெரிகிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். எட்டு காரணம். ஒன்றுவிடாமல் எட்டு.

முடித்ததும் ஆய்வாளர் மெதுவாகக் கேட்டார், "அப்ப இது வாகைன்னு சொல்றீங்க ஐயா."

"வாகைதான். சந்தேகமே வேண்டாம்."

"வாகை நாட்டு மரமாச்சே."

"சுத்தமான நாட்டு மரம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. மங்கை கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுடைய முடி தப்பித்தது.

பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். அது எனக்கு மனப்பாடம்: 'மனுதாரர் தக்க ஆதாரங்களுடன் நேரில் நிரூபித்தபடி இம்மரம் நாட்டு இனமான வாகை. மனு நிராகரிக்கப்படுகிறது.' தக்க ஆதாரங்களுடன் என்று அவராகவே எழுதினார், நான் சொல்லவில்லை. நகலை லேமினேட் செய்து ஹாலில் மாட்டியிருக்கிறேன். விவகாரம் நடக்கும்போது காகிதம் தொலைந்துவிடக் கூடாதே என்றுதான்.

தியாகேசன், "அடடா, வாகையா? எனக்குத் தெரியாமப் போச்சே" என்று சொல்லிவிட்டு, காரை இன்னும் ஒரு அடி நிழலுக்குள் தள்ளி நிறுத்தினார். சஹானா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். இலுப்பைக்கும் வாகைக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன் தம்பி அவர். இத்தனைக்கும் பேத்தி என்கூடவே வந்து படித்தவள். நான் ஏழு காரணம் சொன்ன அன்றைக்கு விசிலடித்தவள். வீட்டில் ஒரு வார்த்தை தாத்தாவிடம் சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லியிருந்தால் அவர் இப்படி நடுத்தெருவில் வந்து இலுப்பை என்று உளறியிருப்பாரா? நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். எல்லாம் அவருடைய அறியாமையால் வந்தது.

சரி. இப்போது மேல்முறையீடு. அதற்குத்தான் இந்தப் பயணம். மங்கை காலையில் இட்லி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து சொன்னாள், "போயி ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்க. 'ஐயா, நான் தெரியாமல் சொல்லிவிட்டேன், எங்கள் வாசலில் இருப்பது தூங்குமூஞ்சி.' அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு எழுத்து பேசாதீங்க. முடியலைன்னா பேசாம இப்பவே வீட்டுல இருங்க. நான் பெருக்கிக்கறேன், எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லை. அந்தப் பூ வாசனை எனக்கும் பழகிப்போச்சு."

முடியாதாம். ஏன் முடியாது? காலையிலிருந்து சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வருகிறேன். கேளுங்கள். ஐயா, நான் தெரியாமல் சொல்லிவிட்டேன். எங்கள் வாசலில் இருப்பது தூங்கு... கொஞ்சம் இருங்கள். புழுதி. இந்தச் சாலையில் எப்போதும் இதுதான். எங்கள் வாசலில் இருப்பது... அங்கே சொல்லிக்கொள்கிறேன். இங்கே சொல்லி என்ன ஆகப்போகிறது, நீங்கள் அதிகாரியா?

வாயால் சொன்னால் மட்டும் போதாது, அத்தாட்சியாக மரத்தின் காய் ஒன்றையும் கொண்டுவர வேண்டும் என்று நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். எங்கள் மரத்துக் காயைக் கொண்டுபோனால் காரியம் கெட்டுவிடும். அதனால் நேற்று டிப்போவுக்குப் போய் நல்லதாக ஒன்று பொறுக்கி வந்தேன். இதோ இந்தப் பொட்டலம். மேஜையில் வைத்ததும் வேலை முடிந்தது. புதிதாக வந்திருக்கிற கோட்டாட்சியர் படித்தவராம், எதையும் ஒரு எழுத்து விடாமல் படிப்பாராம். படிக்கட்டும். அதற்குத்தான் டீச்சர் நடையில் கொடுக்கும் கட்டம் போட்ட சீட்டையும் எழுதி ஒட்டியிருக்கிறேன். சீட்டு இல்லாத காயை நிலோபர் டீச்சர் கையாலும் தொடமாட்டார். எங்கே எடுத்தது, யார் எடுத்தது என்று தெரியாத காய் வெறும் குப்பை என்பார். எனக்கும் இப்போது கை தானாக எழுதிவிடுகிறது. அவசரத்தில் மூக்குக்கண்ணாடியை விட்டுவிட்டு வந்தேன், ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று ஒருதரம் பார்த்துச் சொல்லுங்கள். சத்தமாகவே படியுங்கள்.

இனம், தூங்குமூஞ்சி. சரி.

எடுத்த இடம், பஸ் டிப்போ நுழைவாயில், வலப்பக்கம் முதல் மரம். சரி.

நாள், நேற்றைய தேதி. எடுத்தவர், கோ. பக்கிரிசாமி. இனிஷியல் தெளிவாக இருக்கிறதா? நல்லது.

கடைசிக் கட்டம்? ஆமாம், அதையும் படியுங்கள். 'எடுத்தவர் வசிக்கும் தெருவில் இந்த இனம் உண்டா?' 'இல்லை. கீழவாய்க்கால் தெருவில் இருப்பது வாகை ஒன்று மட்டுமே.'

ஒரு கட்டம்கூடக் காலியில்லை, பார்த்தீர்களா? இப்படி ஒரு சீட்டை அந்த ஆபீஸில் இதுவரை யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். கொடுங்கள் இப்படி. மடக்காதீர்கள். எதற்குத் தம்பி இப்படிச் சிரிக்கிறீர்கள்? சரி, நான் எழுந்துகொள்கிறேன், என் நிறுத்தம் வந்துவிட்டது.